பூச்சி என்று சொன்னோம்

உடம்பு தேறி வீட்டுக்கு வந்தபின் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இவ்வளவு படிக்கிற மனுஷன், ஆஸ்பத்திரிக்கும் ஒடனே போயிருக்கீங்க, பொறவு எப்படி இப்படி ஆச்சு?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டது. வரிசையாக எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்கள் கையில் கொடுத்துவிடலாம். கரிசல் பக்கத்துக்காரர் யாராவது இதைப் படித்து, அவசரத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலும் எழுதியது வீணில்லை.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் சைக்கிளில் ஊருக்கு வெளியே போய்வருவது பழக்கம். கூட வருகிறவர் ஷேக் மைதீன். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். என்னைவிட இளையவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அவருக்குச் சைக்கிள் சர்க்கரைக்கு மருந்து. எனக்கு வழியில் எதிர்ப்படும் மிருகங்களைப் பார்க்க ஒரு சாக்கு.

மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு மிருகங்கள் கண்ணில் படாது. சத்தம் கேட்டு முன்னமே ஒதுங்கிவிடும். நடந்து வருகிறவனைத் தூரத்திலேயே மனிதன் என்று கண்டுகொள்ளும். சைக்கிள்காரன் அவற்றுக்கு என்னவென்றே பிடிபடாத ஒன்று. சத்தமில்லாமல், கால் தரையில் படாமல் வருகிறான். அதனால் மயில் தோகையை இழுத்துக்கொண்டு நிதானமாகச் சாலையைக் கடக்கும். கீரி பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். முயல் சக்கரத்துக்கு முன்னாலேயே கொஞ்ச தூரம் ஓடும், பக்கத்தில் ஒதுங்கலாம் என்று அதற்குத் தோன்றுகிறவரை. எந்த மாதத்தில் எது, எந்த ஓடைப் பக்கம் என்று குறித்து வைப்பேன். மார்கழியில் பனியோடு நரி ஊளையிட்டது, சித்திரையில் உடும்பு பாலத்தடியில் கிடந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

திரும்பி வந்ததும் என் மனைவி செண்பகம் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்பாள்: "இன்னைக்கு என்னெல்லாம் பாத்தீங்க?" நான் சொல்வேன். பாம்பைப் பார்த்த நாளில் மட்டும், அவளுக்காக, "ஒரு பூச்சி போச்சு" என்பேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பலர் பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். பேரைச் சொன்னால் வரும். அதனால் அது பூச்சி. கடித்தால் "பூச்சி தொட்டுட்டு." இருட்டில் போகிறவனிடம் "பூச்சி பொட்டு கெடக்கும், பாத்துப் போ." செண்பகம் நாகலாபுரத்தில் சம்சாரி வீட்டில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. பாம்புகளைப் பற்றிப் புத்தகம் வாங்கிப் படித்தவன் நான். எதற்கு விஷம் உண்டு, எதற்கு இல்லை என்று பொறியியல் படிக்கும் மைதீனின் மகனுக்கே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் என் வாயிலும் அவசரத்துக்கு வருவது பூச்சிதான். அது எனக்கே அன்றைக்கு வரைக்கும் தெரியாது.

அன்று புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. மழை இறங்கவில்லை. பருவத்தை நம்பி விதைத்துவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காட்டில் கரிசல் வாய் பிளந்து கிடந்தது. சில வெடிப்புகளில் கையை முழங்கை வரை விடலாம். கடம்பூர்ச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு வண்டிப் பாதையில் மைதீன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சத்தம் கேட்டது. சர், சர் என்று, சூடான சட்டியில் மணலை வறுப்பதுபோல. சங்கிலி உறையில் உரசுகிறது என்று நினைத்தேன். முந்தின வாரமும் அப்படி உரசியது. மிதிப்பதை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. சங்கிலி சுற்றாதபோது சங்கிலி எப்படி உரசும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. இடது காலைக் கீழே ஊன்றிக் குனிந்தேன்.

கணுக்காலுக்கு மேலே நெருப்புக் குச்சியால் சுட்டதுபோல் இருந்தது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு, சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒன்று வளைந்து நெளிந்து வெடிப்புக்குள் இறங்கியது. சுருட்டை விரியன். தன் உடம்பையே மடித்து, செதிலோடு செதிலை உரசித்தான் அது அந்தச் சத்தத்தை எழுப்பும். புத்தகத்தில் படித்தது, பாம்பு போன பிறகு நினைவுக்கு வந்தது.

"மைதீன்! பூச்சி கடிச்சிட்டு!"

மைதீனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். "அய்யய்யோ, அண்ணாச்சி! நடக்காதீங்க, அங்கனயே இருங்க." பால்காரர் ஒருவரின் பைக்கை மறித்து, நடுவில் என்னை உட்காரவைத்து, பின்னால் தான் ஏறிப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. நடந்தது அவர்கள் தவறு இல்லை. பணியில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். சென்னைப் பக்கம், வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நிவேதா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன சார் ஆச்சு?"

"பூச்சி கடிச்சிட்டும்மா. சைக்கிள்ள போகும்போது."

"எப்படி இருந்தது பாத்தீங்களா?"

"சின்னதுதான். பழுப்பு நெறம், வெள்ளப் புள்ளி."

"பூச்சிய எடுத்துட்டு வந்தீங்களா?"

"வெடிப்புக்குள்ள போயிட்டு."

காலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பல்தான் பதிந்திருந்தது. மற்றது காலுறையின் மடிப்பில் பட்டிருக்க வேண்டும். முள் குத்தியதுபோல் ஒற்றைப் புள்ளி, சுற்றிலும் லேசான சிவப்பு. "பயப்படாதீங்க, சின்ன பூச்சிதானே" என்றார். இரண்டு ஊசி போட்டார்கள். சிறிது நேரம் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் மனதில் வண்டு. என் மனதில் விரியன். ஒரே வாக்கியத்தை இருவரும் முழுக்கப் புரிந்துகொண்டோம். நான் படித்தவன் அல்லவா, எனக்கு நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன்: ஒற்றைப் பல், விஷம் இறங்கவில்லை, டாக்டர் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். மைதீன்கூட வெளியே வந்ததும், "பெரிய படிப்பு படிச்ச பிள்ள போல, பூச்சி கடிய எவ்வளவு சாதாரணமா எடுத்துக்கிடுது பாருங்க" என்று வியந்தார்.

மதியத்துக்குமேல் கால் வீங்கியது. தூங்கி எழுந்து வாய் கொப்பளித்தேன். செண்பகம் முற்றத்தில் நின்றிருந்தாள். "என்னங்க, வெத்தல போட்டீங்களா?" என்றாள். நான் வெற்றிலை போடுகிறவன் இல்லை. தலையணை உறையிலும் சிவப்பு இருந்தது. ஈறெல்லாம் கசிந்துகொண்டிருந்தது, வலியே இல்லை. வலி இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே மருத்துவர். வாயை ஒரு துண்டால் பொத்தியிருந்ததால் நான் பேசவில்லை. செண்பகம்தான் பேசினாள்.

"காலையில பூச்சி கடிச்சிச்சின்னு வந்தாவல்லா, இப்ப வாயில ரத்தமா வருது மேடம்."

நிவேதா வீங்கிய காலை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. "பூச்சி கடிச்சா ஈறுல ரத்தம் வராதும்மா. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா? ரத்தம் உறையாம இருக்க?"

"ஒண்ணும் இல்ல. பூச்சிதான்."

"என்ன பூச்சி?"

"பூச்சி மேடம்."

"அதான் கேக்கிறேன், என்ன பூச்சி? தேளா? பூரானா?"

செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் துண்டுக்குள்ளிருந்து ஏதோ உளறினேன். அவள் கழுத்துச் சரட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"பாம்பு! பாம்பு கடிச்சிட்டு!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நிவேதா கேட்டார்: "காலையிலேயே ஏம்மா சொல்லல?" "சொன்னோமே மேடம், பூச்சின்னு சொன்னோமே" என்று செண்பகம் அழுதாள். பக்கத்தில் நின்ற வயதான நர்ஸ் மெதுவாக, "டாக்டர், இங்கன எல்லாரும் அதப் பூச்சின்னுதான் சொல்லுவாவ" என்றார். காலையில் அந்த நர்ஸ் பணியில் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

சுருட்டை விரியனின் விஷம் ரத்தத்தைப் பிடிக்கும். வெட்டுப்பட்டால் ரத்தம் தானே கட்டி நின்றுபோகும் அல்லவா, அந்தச் சக்தியைத் தின்றுவிடும். பிறகு ஈறு, மூக்கு, சிறுநீர் என்று எங்கே மெலிந்த இடம் இருக்கிறதோ அங்கே கசியும். மூளைக்குள்ளும் கசியலாம். இதைக் கண்டுபிடிக்கிற சோதனை மிக எளியது. கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் நிறுத்திவைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். நல்ல ரத்தம் கட்டிக்கொண்டு நகராது. கெட்டுப்போனது வழியும்.

என் குழாயை ஜன்னல் திண்டில் நிறுத்தினார்கள். கட்டிலிலிருந்து எனக்குத் தெரிந்தது. நிவேதா வந்து எடுத்துச் சாய்த்தார். கடையில் டீயைச் சாய்த்ததுபோல் வழிந்தது.

விஷமுறிவு மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்றினார்கள். குதிரையின் உடம்பில் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதைத் தாங்கப் பழகிய குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து அது. சைக்கிளில் போனபோது எனக்கு எதிர்ப்படாத மிருகம் குதிரை ஒன்றுதான். அது என்னைத் தேடி நரம்புக்குள்ளேயே வந்தது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்றார்கள். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் தடித்து, கட்டில் கிடுகிடுக்க நடுங்கினேன். நிறுத்தி, வேறு ஊசி போட்டு, நடுக்கம் அடங்கியதும் மறுபடி ஏற்றினார்கள். அதை விட்டால் வேறு மருந்து இல்லை.

ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய். மறுபடி வழிந்தது.

அந்த நாட்களைப் பற்றி எழுத நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வலி இல்லை. அசையக் கூடாது என்பது. காலை ஆட்டக் கூடாது. கீழே இறங்கக் கூடாது. தவறி விழுந்தால் உள்ளே ரத்தம் கசியும். முகம் மழிக்கக் கூடாது. பல் துலக்கக் கூடாது. தும்மல் வந்தால்கூட அடக்கச் சொன்னார்கள். ஊசி குத்தி எடுத்த இடமெல்லாம் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. நர்ஸ் வந்து வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று என் காலில் பேனாவால் கோடு போடுவார். அடுத்த முறை வரும்போது வீக்கம் கோட்டைத் தாண்டியிருக்கும். புதுக் கோடு போடுவார். கெண்டைக்காலில், முழங்காலில், தொடையில் என்று கோடுகள் ஏறிக்கொண்டே வந்தன. என் காலை யாரோ தினம் அளந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று தோன்றியது.

தலைக்குமேல் மின்விசிறி. அதன் உறை தளர்ந்திருந்தது. சர், சர், சர். விசிறியை நிறுத்தினால் புழுக்கம், போட்டால் அது. "அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லு" என்று செண்பகத்திடம் சண்டை போட்டேன். அவள் வேறு கட்டில் கேட்டுப் பார்த்தாள், காலி இல்லை. கடைசியில் அவளே ஒரு விசிறிமட்டையை வாங்கிவந்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, கை மாற்றி மாற்றி வீசினாள். பக்கத்துக் கட்டில்காரர் தன் பங்குக்குக் காற்று வரும்படி கொஞ்சம் இந்தப் பக்கமும் வீசச் சொன்னார். வீசினாள்.

இதுவரை மிருகங்கள் இருந்த இடத்தில் இருந்தன, நான் கடந்து போனேன். இப்போது நான் கிடந்தேன். அவை கடந்து போயின. வார்டுப் பூனை ஒன்று தினமும் கட்டிலுக்கடியில் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். என்னை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஜன்னல் திண்டில், என் குழாய் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், புறா வந்து உட்காரும். ஒருநாள் அது சிறகை அடித்தபோது குழாய் ஆடியது. நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தார். "தாத்தா, குழா ஆடுனா வேற எடுத்துக்கிடலாம், நீங்க ஆடாதீங்க" என்றார். வேலிக்கு அப்பால் ஒரு கீரி. அது போகிற வேகத்தையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. செண்பகம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு எடுத்துப் போவாள். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்திலேயே எவ்வளவு தங்கியிருக்கிறது என்று தினம் ஒரு சோதனை. அது ஏறிக்கொண்டே போனால் திருநெல்வேலிக்குப் போய் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் நிவேதா. ஏறியது, மறுநாளும் ஏறியது. அப்புறம் ஒருநாள் ஏறாமல் நின்றது. அவர் சிரிக்கவில்லை. "இறங்கட்டும், அப்புறம் பேசலாம் சார்" என்றார். காலையில் பணி முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் என் குழாயைச் சாய்த்துப் பார்க்க அவர் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தன் தவறு என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் என் தவறு என்று நினைத்தேன். செண்பகம், அன்றைக்குப் பேரைச் சொன்னதால் இன்னொன்று வருமோ என்று பயந்து, கட்டிலுக்கடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மைதீன் கடையைச் சாத்திவிட்டு மாலையில் வருவார். ஈறு புண்ணாக இருந்ததால் என்னால் எதையும் மெல்ல முடியவில்லை. ஒருநாள் கடம்பூர் போய் போளி வாங்கிவந்தார். "இதுக்குப் பல்லே வேண்டாம் அண்ணாச்சி. நாக்குல வையுங்க, அதுவே எறங்கிரும்." அப்படித்தான் இறங்கியது. ஆஸ்பத்திரியில் எனக்கு ருசி தெரிந்த முதல் சாப்பாடு அது. குதிரை மருந்து விஷயம் கேள்விப்பட்டதும், "அப்ப இனி சைக்கிள் எதுக்கு? நீங்களே ஓடலாம். கொள்ளு மட்டும் ஊறப்போட்டாப் போதும்" என்றார். சிரித்தால் ஈறு கசியும் என்று செண்பகம் அவரை வெளியே விரட்டினாள்.

அதற்கு அடுத்த குழாயை நிவேதா சாய்த்தபோது எதுவும் வழியவில்லை. இன்னும் சாய்த்தார். தலைகீழாகவே கவிழ்த்துவிட்டார். கருஞ்சிவப்பாக, நாவல்பழ ஜெல்லிபோல, ரத்தம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். "பாருங்க சார். உங்க ரத்தம்." அதற்குப் பின் நர்ஸ் போட்ட கோட்டை வீக்கம் தாண்டவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் ஒன்று நடந்தது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி தன் மனைவியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார். மிளகாய்த் தோட்டத்தில் களையெடுத்த பெண். வலது கையைத் துணியால் சுற்றிப் பிடித்திருந்தாள். எங்கள் வார்டு வாசலிலிருந்து எல்லாம் கேட்டது.

"என்ன ஆச்சுங்க?"

"பூச்சி தொட்டுட்டும்மா."

நிவேதா எழுந்தே விட்டார். "கால் இருக்கிற பூச்சியா, கால் இல்லாத பூச்சியா?"

அந்த மனிதர் திகைத்துப்போனார். ஊர் வழக்கம் தெரிந்த ஒருவர் வெள்ளைக் கோட்டுக்குள் இருப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "கால்... கெடையாதும்மா" என்றார்.

"சிஸ்டர், ட்யூப் எடுங்க."

செண்பகம் என் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவள், கையை அப்படியே நிறுத்தினாள். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பிறகு மைதீன் விசாரித்து வந்து சொன்னார். நாலாவது நாளே வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

கார்த்திகையில் மழை நின்று காடு பச்சையான பிறகு, மறுபடியும் சைக்கிளை எடுத்தேன். தடித்த பூட்ஸ், முழங்கால் வரை காலுறை. இரண்டும் செண்பகத்தின் நிபந்தனை. முதல் நாள் மைதீன் எனக்கு முன்னால் போகாமல் பக்கத்திலேயே வந்தார். அதே வண்டிப் பாதை பக்கம் வந்தபோது சத்தம் கேட்டது. சர், சர். மிதிப்பதை நிறுத்தினேன். நின்றுவிட்டது. உண்மையாகவே சங்கிலிதான். இருந்தும் என் கால் கீழே இறங்கவில்லை. பாலத்துச் சிமெண்டுத் திட்டு வரும்வரை மிதித்துக்கொண்டே போய், அதன்மேல் காலை வைத்தேன். "என்ன அண்ணாச்சி?" என்றார் மைதீன். "சங்கிலி உரசுது" என்றேன். அவர் குனிந்து உறையை நிமிர்த்திவிட்டார்.

திரும்பும் வழியில், தார்ச்சாலையில், வெயிலுக்குக் கிடந்த ஒன்று எங்களைக் கண்டு மெல்ல நகர்ந்து புல்லுக்குள் போனது. சாரை. விஷமில்லாதது.

வீட்டுக்கு வந்ததும் செண்பகம் காப்பியை ஆற்றினாள். "என்னெல்லாம் பாத்தீங்க?"

"மயிலு. ஒரு கீரி. ஓடைப் பக்கம் கொக்கு."

"வேற?"

நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் டம்ளரை வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள்.

"கால் இல்லாதது?" என்றாள்.

"ஒண்ணு போச்சு."

"நீங்க?"

"காலக் கீழ ஊனல."

டம்ளரை என் கையில் கொடுத்தாள்.